மார்பக நீக்கமும் 'நடைமுறை' என்னும் சாக்கும்

புற்றுநோயியல் கருத்தரங்குகளின் கேள்வி நேரத்தில் ஒரு வாசகம் தவறாமல் எழும். தொடக்க நிலை மார்பகப் புற்றுநோயில் கட்டியை மட்டும் அகற்றிவிட்டு, எஞ்சிய மார்பகத்துக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை அளிப்பது மேலை நாடுகளுக்குப் பொருந்தும். நம் நாட்டு நோயாளிக்கு முழு மார்பகத்தையும் எடுத்துவிடுவதே நடைமுறைக்கு உகந்தது என்பது அவ்வாசகம். சொல்பவர் பெரும்பாலும் அனுபவம் மிக்கவர். கெட்ட எண்ணம் உடையவரும் அல்லர். அவை தலையசைக்கிறது. நெறியாளர் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார். அந்தத் தலையசைப்பை எதிர்த்தே இப்பதிவு எழுதப்படுகிறது.

'நடைமுறை' என்ற சொல் அங்கே செய்யும் வேலையைக் கவனிக்க வேண்டும். கட்டியின் அளவு, வெட்டு விளிம்பின் நிலை, அக்குள் நிணநீர்க் கணுக்கள், ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஆகியவை நோயைப் பற்றிய செய்திகள். நோயாளியின் ஊரிலிருந்து கதிர்வீச்சு இயந்திரம் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது, அங்கே எத்தனை வாரம் காத்திருக்க வேண்டும், தங்குவதற்கு இடம் உண்டா என்பவை நோயைப் பற்றியவை அல்ல. அவை அரசு, நிதி, நிர்வாகம் சார்ந்தவை. முதல் வகையில் தீர்மானமாக வேண்டிய ஒன்றை இரண்டாம் வகை தீர்மானிக்கும்போது அதற்கு 'மருத்துவ முடிவு' என்று பெயரிடுவது முறையன்று. பெயரை மாற்றிவிட்டால் பொறுப்பும் இடம் மாறிவிடுகிறது. இயந்திரம் வாங்காத அலுவலகம் மறைந்துபோய், முழு நீக்கத்தைத் 'தேர்ந்தெடுத்த' பெண் முன்னால் நிற்கிறாள்.

சான்று எங்கே நிற்கிறது என்பதில் பெரிய குழப்பம் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பால்டிமோரின் வில்லியம் ஹால்ஸ்டெட் நிலைநிறுத்திய அறுவை, மார்பகத்தோடு அதன் அடித்தசையையும் அக்குள் கணுக்களையும் சேர்த்து அகற்றியது. நோய் ஓரிடத்தில் தொடங்கி வரிசைக்கிரமமாகப் பரவுகிறது. ஆகவே அகலமாக வெட்டினால் அதை முந்திவிடலாம் என்பது அதன் அடிப்படை எண்ணம். அந்த எண்ணத்தை மறுத்தவர்கள் முன்பே இருந்தார்கள். 1920களில் லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில் ஜெஃப்ரி கெயின்ஸ், ரேடியம் ஊசிகளைத் திசுவுக்குள் செருகி மார்பகத்தைக் காக்கும் வழியைக் கையாண்டார். (பொருளியலறிஞர் மேனார்ட் கெயின்ஸின் தம்பி இவர், சக அறுவை மருத்துவர்களிடம் இவருக்குக் கிடைத்த வரவேற்பு, அண்ணனுக்கு நிதி அமைச்சகத்தில் கிடைத்ததைவிட மேலானது என்று சொல்ல முடியாது.) ஆனால் தனிப்பட்ட ஒருவரின் அனுபவம் எத்தனை நேர்மையானதாக இருந்தாலும் ஹால்ஸ்டெட்டின் பீடத்தை அசைக்கவில்லை. அதற்குச் சமவாய்ப்பு முறையில் நோயாளிகளைப் பிரிக்கும் ஆய்வுகள் வேண்டியிருந்தன.

அவை இரண்டு இடங்களில் நடந்தன. மிலானில் உம்பெர்ட்டோ வெரோனேசி 1973 முதல் 1980 வரை 701 பெண்களைச் சேர்த்தார். கட்டி இரண்டு சென்டிமீட்டருக்கு மேற்படாதவர்கள். ஒரு பிரிவுக்கு ஹால்ஸ்டெட் அறுவை. மறு பிரிவுக்கு மார்பகத்தின் கால் பகுதியை மட்டும் நீக்கிக் கதிர்வீச்சு. பிட்ஸ்பர்க்கைத் தலைமையிடமாகக் கொண்டு பெர்னார்ட் ஃபிஷர் 1976இல் தொடங்கிய பி-06 ஆய்வில் பிரிவுகள் மூன்று: முழு மார்பக நீக்கம், கட்டி நீக்கம் மட்டும், கட்டி நீக்கத்தோடு கதிர்வீச்சு. இரண்டு ஆய்வுகளின் இருபதாண்டு முடிவுகளும் 2002ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து மருத்துவ இதழின் ஒரே இதழில் வெளியாயின. உயிர்வாழ்வில் வேறுபாடு இல்லை. ஹால்ஸ்டெட் மரபு ஒரு நூற்றாண்டுக் காலம் சொல்லிவந்ததற்கு இருபதாண்டுக் கண்காணிப்பு அளித்த விடை அது.

ஆனால் பி-06இல் அதிகம் பேசப்பட வேண்டியது அதன் நடுப்பிரிவு. கட்டியை மட்டும் அகற்றி, கதிர்வீச்சு பெறாத பெண்களில் இருபது ஆண்டுக்குள் 39.2 விழுக்காட்டினருக்கு அதே மார்பகத்தில் நோய் மறுபடியும் தோன்றியது. கதிர்வீச்சு பெற்றவர்களில் அது 14.3 விழுக்காடு. மார்பகத்தைக் காக்கும் சிகிச்சை என்பது கத்தியால் முடிந்துவிடும் வேலை அன்று. கண்ணுக்குத் தெரிந்த கட்டியைக் கத்தி எடுக்கிறது. சுற்றியுள்ள திசுவில் கண்ணுக்குத் தெரியாமல் எஞ்சியதைக் கதிர் முடிக்கிறது. இவற்றுள் ஒன்றை எடுத்துவிட்டால் மீதமிருப்பது அரைச் சிகிச்சை.

இவ்விடத்தில் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு கிளைக்கதை உண்டு. பி-06இல் நோயாளிகளைச் சேர்த்தவர்களுள் ஒருவரான மான்ட்ரியாலின் ரோஜர் புவாசோன், தகுதி விதிகளுக்குள் அடங்காத பெண்களை உள்ளே கொண்டுவருவதற்காக ஆவணங்களைத் திருத்தியது அம்பலமாகி 1994இல் அமெரிக்காவில் பெரும் புயலைக் கிளப்பியது. ஃபிஷர் தலைமைப் பொறுப்பிலிருந்து அகற்றப்பட்டார். மார்பகத்தைக் காத்துக்கொண்ட ஆயிரக்கணக்கான பெண்கள், தாங்கள் ஏமாற்றப்பட்டோமோ என்று அஞ்சினார்கள். அந்த மருத்துவமனையின் நோயாளிகள் அனைவரையும் கழித்துவிட்டு மறுபடியும் கணக்கிட்ட முடிவு 1995இல் வெளியானது, எதுவும் மாறவில்லை. மோசடி நடந்த ஆய்வு என்று இன்றும் சிலர் பி-06ஐத் தள்ளிவிடுவது உண்டு. அவர்கள் மறுகணக்கீட்டைப் படிக்காதவர்கள், அல்லது படித்தும் சொல்லாதவர்கள். மிலான் ஆய்வில் புவாசோனுக்கு இடமே இல்லை. அதன் முடிவும் அதேதான்.

உள்ளூரில் மறுபடி தோன்றுவதைக் கதிர்வீச்சு தடுக்கிறது, உயிரைக் காப்பதில்லை என்ற வாதமும் ஒரு காலத்தில் இருந்தது. ஒவ்வோர் ஆய்வையும் தனித்தனியே பார்த்தால் அப்படித்தான் தோன்றும்; எண்ணிக்கை போதாது. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த கூட்டாய்வுக் குழு 17 ஆய்வுகளின் 10,801 பெண்களுடைய தனித்தனித் தரவுகளைத் திரட்டி 2011இல் லான்செட் இதழில் வெளியிட்ட கட்டுரை அந்த ஐயத்தைத் தீர்த்தது. பத்தாண்டுக்குள் நோய் எங்கேனும் மறுபடி தோன்றும் வாய்ப்பு 35.0 விழுக்காட்டிலிருந்து 19.3 ஆகக் குறைந்தது. பதினைந்தாண்டுக்குள் மார்பகப் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு 25.2இலிருந்து 21.4 ஆகக் குறைந்தது. தடுக்கப்பட்ட நான்கு மீள்வருகைகளுக்கு ஓர் உயிர் என்ற அளவில் கணக்கு நின்றது. கதிர்வீச்சுக்கு விலையும் உண்டு. இதயத்துக்குச் சேரும் சராசரி அளவு ஒவ்வொரு கிரே கூடும்போதும் பெரிய இதய நிகழ்வுகளுக்கான வாய்ப்பு 7.4 விழுக்காடு உயர்கிறது என்று சாரா டார்பியும் பிறரும் 2013இல் காட்டினார்கள். ஆகவேதான் இடது மார்பகத்துக்குச் சிகிச்சை தரும்போது ஆழ்ந்து மூச்சை இழுத்து நிறுத்தச் சொல்லி இதயத்தைக் கதிரின் பாதையிலிருந்து விலக்கும் முறை வந்தது. விலையைச் சொல்லாமல் பயனை மட்டும் சொல்வது விளம்பரமாகிவிடும்.

'நடைமுறை' வாதத்தின் வலுவான பகுதிக்கு இப்போது வரலாம். அறுவை மருத்துவர் ஒருவரின் அச்சம் இது: கட்டியை மட்டும் எடுத்து அனுப்பினால் அந்தப் பெண் கதிர்வீச்சுக்குத் திரும்பி வராமல் போகலாம், வந்தாலும் பாதியில் நின்றுவிடலாம், ஆகவே ஒரே அறுவையில் எல்லாவற்றையும் முடித்துவிடுவது பாதுகாப்பு. இந்த அச்சம் கற்பனையில் பிறந்ததன்று. கதிர்வீச்சு கிடைக்காமல் போன பெண், தான் அறியாமலேயே பி-06இன் நடுப்பிரிவில் சேர்க்கப்பட்டுவிடுகிறாள். அந்த ஆய்வின் பெண்கள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டவர்கள், ஆண்டுதோறும் பரிசோதிக்கப்பட்டவர்கள், நோய் மறுபடி தலைகாட்டியதும் மார்பக நீக்கம் செய்யப்பட்டவர்கள். அத்தனை கண்காணிப்போடும் 39.2 விழுக்காடு. படிவமும் கண்காணிப்பும் இல்லாதவளின் கதி என்ன என்பதை ஊகிக்கத்தான் முடியும்.

ஆனால் அச்சத்திலிருந்து எடுக்கப்படும் முடிவு பிழையானது. முதலாவதாக, முழு நீக்கம் கதிர்வீச்சிலிருந்து விடுதலை தரும் என்ற வாக்குறுதி எல்லோருக்கும் பொருந்தாது. அக்குள் கணுக்களில் நோய் பரவியிருக்கும் பெண்களில் கணிசமானோருக்கு மார்பை எடுத்த பின்பும் மார்புச் சுவருக்குக் கதிர்வீச்சு வேண்டியிருக்கிறது. கணுக்கள் எத்தனை என்பதோ அறுவைக்குப் பின்னர் நோயியல் அறிக்கை வந்தால்தான் உறுதியாகும். 'எடுத்துவிட்டால் ரேடியேஷன் வேண்டாம்' என்று கேட்டுச் சம்மதித்த பெண்ணிடம், மூன்று வாரம் கழித்து அது வேண்டுமென்று சொல்ல நேர்கிறது. அவள் மார்பகத்தை இழந்து வாங்கிய பொருள் அவள் கையில் சேரவில்லை.

இரண்டாவதாக, 'ஒரே அறுவையில் முடிந்தது' என்ற கூற்றை யார் பக்கமிருந்து பார்ப்பது? அறுவை அரங்குக்கு அது முடிந்தது. மார்புச் சுவரின் இறுக்கம், ஒருபக்கம் எடை குறைந்த உடலின் சாய்வு, ரவிக்கைக்குள் துணி வைத்துக்கொண்டு வயல் வேலைக்குப் போவது, மீளமைப்பு அறுவை என்ற சொல்லையே கேள்விப்படாமல் இருப்பது ஆகிய எவையும் வெளியேற்றச் சீட்டில் எழுதப்படுவதில்லை. ஐம்பது வயதைக் கடந்தவருக்கு மார்பகம் எதற்கு என்று சுற்றுப்பார்வையில் பயிற்சி மருத்துவர்கள் முன்னிலையில் கேட்கப்படும் கேள்விக்கு மருத்துவ இலக்கியத்தில் எந்த ஆதாரமும் கிடையாது. அது இலக்கியத்துக்கு வெளியிலிருந்து வருகிறது.

மூன்றாவது காரணமே முதன்மையானது. கதிர்வீச்சு நீண்டது, ஆகவே நம் பெண்களால் இயலாது என்ற வாதம் ஐந்து வாரச் சிகிச்சையை மனத்தில் வைத்துச் சொல்லப்படுகிறது. நாள்தோறும் 2 கிரே வீதம் 25 தவணைகளில் 50 கிரே. இந்தக் கால அளவு இயற்கை விதி அன்று. புற்றணுக்கள் சிறு தவணைகளுக்கே நன்கு மடியும், பெருந்தவணை இயல்பான திசுவைத்தான் அதிகம் கெடுக்கும் என்ற பொது எண்ணத்திலிருந்து வந்தது அது. மார்பகப் புற்றுநோய் அந்தப் பொது எண்ணத்துக்கு உட்படவில்லை; தவணை அளவுக்கு அதன் உணர்திறன் இயல்பான திசுவினுடையதை ஒத்தே இருக்கிறது. ஆகவே தவணைகளைக் குறைத்து, ஒவ்வொன்றின் அளவையும் சற்றே கூட்டி, மொத்தத்தைக் குறைத்துக்கொண்டால் பலன் மாறாது, தீங்கும் கூடாது.

இதைக் கண்டறிந்த வரலாற்றில் ஒரு முரண் உண்டு. குறுகிய சிகிச்சையின் தொட்டில் வளமன்று, பற்றாக்குறை. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளிலும் கனடாவின் ஒன்ராறியோவிலும் இயந்திரங்கள் போதாமல் நோயாளிகளின் வரிசை நீண்ட சூழலில்தான் மூன்று வார முறைகள் வேர்பிடித்தன. அங்குள்ளவர்கள் பற்றாக்குறையைக் காரணம் காட்டி மார்பகத்தை எடுக்கச் சொல்லிவிட்டு அமர்ந்துவிடவில்லை. குறுகிய முறை நீண்ட முறைக்கு நிகரானதா என்று ஆய்வு நடத்தினார்கள். டிம் வீலன் குழுவின் கனடா ஆய்வில் 1,234 பெண்கள்; பத்தாண்டில் உள்ளூர் மீள்வருகை நீண்ட முறையில் 6.7 விழுக்காடு, 16 தவணைகளில் 6.2. பிரிட்டனின் ஸ்டார்ட்-பி ஆய்வில் 15 தவணைகளில் 40 கிரே பெற்றவர்களிடம் பத்தாண்டு மீள்வருகை 4.3, 25 தவணை பெற்றவர்களிடம் 5.5. அடுத்து ஃபாஸ்ட்-ஃபார்வர்ட்: 4,096 நோயாளிகள்; ஒரே வாரம், ஐந்தே தவணைகள், மொத்தம் 26 கிரே. ஐந்தாண்டு மீள்வருகை 1.4 விழுக்காடு, மூன்று வாரப் பிரிவில் 2.1. இதே ஆய்வில் 27 கிரே பெற்றவர்களுக்குத் திசுப் பாதிப்பு கூடுதலாக இருந்தது. ஒரு கிரே வேறுபாடு அங்கே கவனிக்கப்பட்டிருக்கிறது என்பதை, 'ஐந்து நாளில் அவசரமாகச் செய்வது' என்று ஏளனம் செய்பவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். 2020 ஏப்ரல் இறுதியில் இம்முடிவு லான்செட்டில் வந்தபோது பெருந்தொற்று மருத்துவமனைகளை முடக்கியிருந்தது. பிரிட்டன் வெகு விரைவில் ஒரு வார முறைக்கு மாறியது.

இந்தியாவில் முன்னணி மையங்கள் பல மூன்று வாரத்துக்கு வந்துவிட்டன. கொல்கத்தாவின் டாடா மெடிக்கல் சென்டர், ஒரு வார முறையை மூன்று வார முறையோடு ஒப்பிடும் ஹைபோர்ட்-அட்ஜுவன்ட் என்ற ஆய்வை இந்நாட்டுப் பெண்களிடமே நடத்திவருகிறது. 'மேலை நாட்டுச் சான்று நமக்குப் பொருந்துமா' என்ற கேள்விக்கு அறிவார்ந்த விடை இப்படித்தான் தேடப்படும். ஆனால் 25 தவணை முறை இன்னும் ஒழிந்துவிடவில்லை. பழக்கம் ஒரு காரணம். தவணைக் கணக்கில் கட்டணம் வாங்கும் இடங்களில் தவணைகளைக் குறைப்பது வருவாயைக் குறைப்பதாகும் என்பது இன்னொன்று. அதை உரக்கச் சொல்ல ஒருவரும் முன்வருவதில்லை. தேவையற்ற நீளத்தைத் தவிர்க்குமாறு அமெரிக்கக் கதிரியக்கப் புற்றுநோயியல் சங்கமே 2013இல் தன் உறுப்பினர்களுக்குச் சொல்ல நேர்ந்தது என்றால் இது ஏதோ ஒரு நாட்டின் குணக்கேடு அன்று. கட்டண அமைப்பின் குணம்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஓர் இயந்திரம் நாளொன்றுக்கு 50 பேருக்குக் கதிர் தருகிறது, ஆண்டுக்கு 250 நாள் இயங்குகிறது என்று கொள்வோம். மொத்தம் 12,500 இடங்கள். 25 தவணை முறையில் அவற்றால் 500 பெண்களுக்குச் சிகிச்சை முடியும். 15 தவணையில் 833 பேர். ஐந்து தவணையில் 2,500 பேர். நடப்பில் இவ்வளவு சுத்தமாக வராது. ஒவ்வொரு பெண்ணுக்கும் ஸ்கேன் எடுத்துத் திட்டம் வகுக்கும் மருத்துவ இயற்பியலாளரின் வேலை தவணை குறைவதால் குறைவதில்லை. வேறு புற்றுநோய்களுக்கும் அதே இயந்திரம்தான். இருந்தும் திசை தெளிவு. பத்து இலட்சம் பேருக்கு ஓர் இயந்திரமாவது வேண்டும் என்பது பரவலாக மேற்கோள் காட்டப்படும் அளவுகோல். 140 கோடிப் பேருக்கு 1,400. இருப்பவை அதைவிட வெகு குறைவு. இருப்பவையும் பெருநகரங்களில் குவிந்து கிடக்கின்றன. புதிய இயந்திரம் வாங்கக் கோடிக்கணக்கில் வேண்டும். தவணையைக் குறைக்க ஒரு துறைக்கூட்டம் போதும்.

தொலைவின் பொருள் என்ன என்பதைப் பஞ்சாபின் மால்வா பகுதி நாட்டுக்கே காட்டியது. பட்டிண்டா வழியாக ராஜஸ்தானின் பிகானேருக்குச் செல்லும் இரவுப் பயணிகள் ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் 'கேன்சர் டிரெயின்'. பிகானேரின் ஆசார்ய துளசி புற்றுநோய் மையத்துக்கு, சொந்த மாநிலத்தில் எட்டக்கூடிய செலவில் சிகிச்சை கிடைக்காதவர்கள் அதில் ஏறினார்கள். புற்றுநோயாளிகளுக்கு ரயில்வே கட்டணச் சலுகை தருகிறது. அரசுக் காப்பீடு சிகிச்சைக் கட்டணத்தை ஏற்கிறது. ஐந்து வார வாடகை அறையையும், கூடவே வந்த கணவரோ மகனோ இழந்த கூலியையும், வீட்டில் விட்டுவந்த குழந்தைகளையும் ஏற்பவர் எவருமில்லை. மும்பையில் தாதரின் கட்கே மகராஜ் தர்மசாலை அந்தச் சுமையில் ஒரு பகுதியைப் பல்லாண்டுகளாகத் தாங்குகிறது. அங்கே இடம் கிடைக்காதவர்கள் பரேல் நடைபாதையில் படுத்திருப்பதை அந்நகரத்தில் பயின்ற ஒவ்வொரு மாணவரும் தாண்டித்தான் போயிருப்பார். அந்த நடைபாதையில் 25 தவணைக்கும் ஐந்து தவணைக்கும் உள்ள வேறுபாடு, ஆய்வுக்கட்டுரையின் நம்பக எல்லைகளில் தெரிவதைவிடத் தெளிவாகத் தெரியும்.

தொலைவு சிகிச்சையைத் தின்பது இந்தியாவின் தனிச்சொத்தும் அன்று. கதிர்வீச்சு மையத்திலிருந்து எத்தனை தூரம் தள்ளி வாழ்கிறார்களோ அந்த அளவுக்குக் கட்டி நீக்கத்துக்குப் பிந்தைய கதிர்வீச்சைப் பெறும் வாய்ப்புக் குறைகிறது என்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்துத் தரவுகள் 2000ஆம் ஆண்டிலேயே காட்டின. அங்கே அது 'அணுகல் குறைபாடு' என்று பதிவாயிற்று. இங்கே அதே நிலைக்கு 'நோயாளியின் விருப்பம்' என்று பெயர். சங்ரூரிலும் முல்லன்பூரிலும் டாடா நினைவு மையத்தின் மருத்துவமனைகள் வந்ததும், அசாமில் 2022 ஏப்ரலில் ஒரே நாளில் ஏழு புற்றுநோய் மருத்துவமனைகள் திறக்கப்பட்டதும் இந்த 'விருப்பம்' மாறக்கூடியது என்பதை ஒப்புக்கொண்ட செயல்கள்தான். பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய 'பாபாட்ரான்' கோபால்ட் இயந்திரமும் அந்த வரிசையில் சேரும். இயந்திரம் இருக்கும் ஊரில் விருப்பமும் இருக்கும்.

அண்மைக் காலத்தில் எதிர்த்தரப்புக்கு ஒரு புதிய துணை கிடைத்திருக்கிறது. அதைத்தான் ஆய்வுலகம் மிகக் கவனமாகக் கையாள வேண்டும். குறிப்பிட்ட சில பெண்களுக்குக் கட்டி நீக்கத்துக்குப் பின் கதிர்வீச்சே தேவையில்லை என்னும் ஆய்வுகள் அவை. எழுபது வயதைக் கடந்தவர்களிடம் நடந்த சி.ஏ.எல்.ஜி.பி. 9343, அறுபத்தைந்தைக் கடந்தவர்களிடம் நடந்த பிரைம்-2, ஐம்பத்தைந்துக்கு மேற்பட்டு, மெதுவாக வளரும் சிறு கட்டி உடையவர்களிடம் நடந்த லூமினா. பிரைம்-2இன் பத்தாண்டு முடிவு 2023இல் வந்தது: கதிர்வீச்சு பெறாதவர்களிடம் உள்ளூர் மீள்வருகை 9.5 விழுக்காடு, பெற்றவர்களிடம் 0.9, உயிர்வாழ்வு 80.8, 80.7. அந்த வயதில் அந்த வகை நோய்க்கு, விவரம் அறிந்த ஒரு பெண் 'எனக்கு வேண்டாம்' என்று சொல்வது முற்றிலும் நியாயம்.

இவ்வாய்வுகளின் கதவில் எழுதியிருக்கும் நிபந்தனைகளையும் படிக்க வேண்டும். முதிய வயது, சிறு கட்டி, நோயற்ற விளிம்பு, கணுக்களில் பரவாமை, ஹார்மோன் ஏற்பி உறுதி, அவற்றோடு ஐந்தாண்டு ஹார்மோன் மாத்திரை. இந்திய மருத்துவமனைகளின் வரிசையில் நிற்பவர்கள் மேலை நாட்டவரைவிட ஏறத்தாழ பத்தாண்டு இளையவர்கள். (இதைக் கேட்டதும் 'இந்தியப் பெண்களின் நோயே வேறு' என்று முடிவுகட்ட வேண்டாம், இளையோர் மிகுந்த மக்கள்தொகையில் நோயாளிகளின் சராசரி வயதும் குறைவாகத்தான் இருக்கும்.) இளைய மார்பகத்தில் மீள்வருகை அதிகம். கூடுதலாக 16 கிரே தருவதைச் சோதித்த ஐரோப்பிய ஆய்வில், நாற்பது வயதுக்கு உட்பட்டவர்களிடம் பத்தாண்டு மீள்வருகை 23.9 விழுக்காட்டிலிருந்து 13.5 ஆகக் குறைந்தது. அதாவது அவர்களுக்கு முழு மார்பகக் கதிர்வீச்சு மட்டுமே போதவில்லை. இவர்கள் முன்னால் பிரைம்-2ஐ மேற்கோள் காட்டுவது, பாட்டிக்கு எழுதிய மருந்துச் சீட்டைப் பேத்திக்குக் கொடுப்பதாகும்.

மாத்திரை நிபந்தனையும் அப்படியே. ஐந்தாண்டு தினமும் மாத்திரை விழுங்குவதை உறுதிசெய்ய இயலாத அமைப்பு, ஐந்து நாள் கதிர்வீச்சை விட்டுவிட்டு மாத்திரையை நம்பச் சொல்வது விந்தை. இத்தாலியின் ஃபுளோரன்ஸை மையமாகக் கொண்ட யூரோபா ஆய்வு, முதியவர்களிடம் கதிர்வீச்சு மட்டும், மாத்திரை மட்டும் என்று ஒப்பிட்டு, இரண்டாண்டு இடைக்கால முடிவில் வாழ்க்கைத்தரம் கதிர்வீச்சுப் பிரிவில் குறைவாகவே சரிந்தது என்று கண்டது. ஒன்றை விட்டுவிடலாம் என்றால் எதை விடுவது என்ற கேள்வியே இன்னும் திறந்திருக்கிறது.

'வேண்டாம் என்று விடுவது' வேறு. 'கிடைக்காமல் விடுபடுவது' வேறு. முன்னது தேர்ந்த நோயாளிக் குழுவில், கண்காணிப்போடு, ஒப்புதலோடு நிகழ்கிறது. பின்னதற்கு முன்னதன் சான்றிதழை வழங்குவது ஆய்வு நேர்மைக்கு ஒவ்வாதது. வேடிக்கை என்னவென்றால், மார்பகம் காப்பது பற்றிப் பேசும்போது 'அவை மேலை நாட்டு ஆய்வுகள்' என்று மறுப்பவரே, கதிர்வீச்சைத் தவிர்ப்பது பற்றிப் பேசும்போது எடின்பரோவில் தலைமையிடம் கொண்ட பிரைம்-2ஐக் கையில் ஏந்துகிறார்.

சான்றின் எல்லையை மீறும் ஆசை இந்தப் பக்கத்திலும் உண்டு. ஸ்வீடனின் பதிவேடுகளிலிருந்து 48,986 பெண்களைப் பார்த்த 2021ஆம் ஆண்டுக் கட்டுரை, மார்பகம் காத்துக் கதிர்வீச்சுப் பெற்றவர்கள் முழு நீக்கம் செய்துகொண்டவர்களைவிட நெடுநாள் வாழ்ந்ததாகக் காட்டியது. மார்பகம் காக்கும் தரப்பினர் இதைக் கொண்டாடினர். அது சமவாய்ப்பு முறையில் பிரித்த ஆய்வன்று. யாருக்கு எந்த அறுவை என்பதை வசதியும் உடல்நிலையும் முன்பே பிரித்துவிட்டிருக்கும், அவற்றைப் புள்ளியியல் எவ்வளவு கழித்தாலும் மிச்சம் இருக்கும். உயிர்வாழ்வு சமம் என்பதே உறுதியாகச் சொல்லத்தக்கது. மார்பகத்தைக் காப்பதற்கு அந்தச் சமமே போதும்.

மொழியும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. கதிர்வீச்சை இந்தி பேசும் மாவட்டங்களில் நோயாளிகள் 'சிகாயி' என்கிறார்கள். ஒத்தடம், சூடு கொடுத்தல் என்று பொருள். தமிழ்நாட்டு வார்டுகளில் 'கரண்ட் வைப்பது'. ஒன்று அடுப்பையும் மற்றது மின்கம்பத்தையும் நினைவூட்டும். இவ்வளவு அச்சம் ஏறிய ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, 'ஆபரேஷனோடு முடித்துவிடலாமா, இல்லை கரண்டும் வைக்க வேண்டுமா' என்று இரண்டு நிமிடத்தில் கேட்டு வாங்கும் விடைக்குச் 'சம்மதம்' என்ற தகுதி எப்படி வரும்? எத்தனை நாள், வலிக்குமா, முடி கொட்டுமா, ஊரிலிருந்து வந்துபோக முடியுமா என்பதற்கெல்லாம் விடை தெரிந்த பின் கேட்டால் வேறு பதில் வரக்கூடும். வெளிப்புறக் கதிர்வீச்சு தரும்போது வலிக்காது. மார்புக்குத் தரும் கதிரால் தலைமுடி கொட்டாது. இவ்விரு வாக்கியங்களைச் சொல்ல இயந்திரம்கூடத் தேவையில்லை.

இந்தியாவில் 2022இல் சுமார் 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் ஏற்பட்டது என்று உலகப் புற்றுநோய் மதிப்பீடு கூறுகிறது. சுமார் 98,000 பேர் இறந்தனர். இவர்களுள் தொடக்க நிலையில் வந்தவர்களுக்கு என்ன அறுவை நடந்தது, ஏன் அது தேர்ந்தெடுக்கப்பட்டது, கதிர்வீச்சு பரிந்துரைக்கப்பட்டதா, எத்தனை தவணைக்குத் திட்டமிடப்பட்டது, எத்தனை தவணை முடிந்தது என்னும் ஐந்து விவரங்களை ஒவ்வொரு முதுநிலை ஆய்வேடும் தன் மருத்துவமனைக்குத் திரட்டலாம். கோப்புகள் அங்கேயே இருக்கின்றன. முழு நீக்கம் செய்யப்பட்ட ஒவ்வொரு தொடக்க நிலை நோயாளிக்கும் காரணம் என்ற கட்டத்தில் 'நோயாளி விருப்பம்' என்று எழுதியிருந்தால், அடுத்த கட்டத்தில் அவர் வீட்டுக்கும் அருகிலுள்ள கதிர்வீச்சு இயந்திரத்துக்கும் இடையே உள்ள தொலைவைக் கிலோமீட்டரில் எழுதச் சொல்ல வேண்டும். ஆய்வேட்டை மதிப்பிடும் தேர்வாளர்கள் அந்த இரண்டு கட்டங்களையும் சேர்த்துப் படிக்கட்டும்.